சுடுகிறவனின் தோளோடு தோளாக

ஃபிரெட்ரிக் பிரௌன் எழுதிய ‘சென்ட்ரி’ கதையை டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். 1954 பிப்ரவரி ‘கேலக்ஸி’ இதழில் வந்தது. முந்நூறு வார்த்தை இருந்தால் அதிகம். பெயரில்லாத ஒரு சிப்பாய், சொந்த ஊரிலிருந்து ஐம்பதாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால், அதுவரை கேள்விப்பட்டே இராத ஒரு கிரகத்தில் காவல் நிற்கிறான். உடம்பெல்லாம் ஈரம், சேறு. பசிக்கிறது, குளிர்கிறது. மேலே நீல நிறத்தில் ஒரு சூரியன். ஈர்ப்புவிசை அவனுக்குப் பழக்கப்பட்டதைப் போல இரண்டு மடங்கு என்பதால் அசைவதே பெரும்பாடு. எதிரிகளில் ஒருவன் ஊர்ந்து வருகிறான், இவன் குறிபார்த்துச் சுடுகிறான், அவன் செத்து விழுகிறான். கதை அவ்வளவுதான்.

முடிவைச் சொல்லாமல் இதன் நயத்தைப் பேச வழியில்லை. செத்துக் கிடக்கும் அந்த உருவத்தைப் பார்த்துச் சிப்பாய்க்கு அருவருப்பில் உடம்பு கூசுகிறது. இரண்டே கை, இரண்டே கால், வெளிறிப்போன தோல், உடம்பில் செதிலே கிடையாது. இத்தனை நாளாகியும் இந்த ஜந்துக்களைப் பார்த்துப் பழகவில்லையே என்று நினைத்துக்கொள்கிறான். செத்தவன் மனிதன். இவ்வளவு நேரம் நாம் யாருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

திடுக்கிடும் முடிவை நம்பி எழுதிய கதைகள் பெரும்பாலும் இரண்டாம் வாசிப்பில் செத்துவிடும். பிரௌனின் மற்ற குட்டிக்கதைகள் பலவற்றுக்கும் அதே கதிதான். இந்த ஒன்று மட்டும் இரண்டாம் வாசிப்பில்தான் முழுசாகத் திறக்கிறது. முதல் வரியிலிருந்து சிப்பாயைப் பற்றி நமக்கு என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். குளிர்கிறது, எப்படிப்பட்ட தோலுக்கு என்று தெரியாது. காற்று கண்ணை வருத்துகிறது. எத்தனை கண் என்று தெரியாது. துப்பாக்கி தயாராக இருக்கிறது. எத்தனை கையால் பிடித்திருக்கிறான் என்று தெரியாது. ஈரம், சேறு, பசி, ஊர் நினைப்பு, உயிரோடு திரும்புவோமா என்ற சந்தேகம் என்று எந்த உடம்புக்கும் பொருந்தும் சங்கதிகளை மட்டுமே பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார். ஒரு பொய்கூடக் கிடையாது. மனித உருவத்தை வரைந்துகொண்டது நாம்தான்.

இன்னொரு நகாசு வேலை, சிப்பாயின் முணுமுணுப்பு. பளபளக்கும் விண்கலத்தில் பறக்கிறவர்களுக்கென்ன, மண்ணை அங்குலம் அங்குலமாகப் பிடித்து வைத்துக்கொள்வது என்னவோ காலாட்படைதான் என்று நொந்துகொள்கிறான். விமானப் படைக்காரர்களைப் பார்த்துத் தரைப்படைக்காரன் விடும் பெருமூச்சு எந்த நாட்டுப் பட்டாளத்திலும் கேட்பது. அதைக் கேட்டதும் ‘நம்ம ஆள்’ என்று ஒட்டிக்கொள்கிறோம். எதற்கும் உதவாத அந்தப் பொட்டல் கிரகம், எதிரியும் அங்கே வந்து இறங்கிவிட்டதால் மட்டுமே புனித மண்ணாகிவிட்டது என்கிறான். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறோம். சமாதானம் பேசிக்கூடப் பார்க்காமல் அவர்கள் எடுத்த எடுப்பில் சுட்டார்கள் என்கிறான். அதற்கும் தலையாட்டல்தான். கதை முடிந்தபின் அந்த வரிக்குத் திரும்பினால், எந்தப் பக்கத்து வாக்குமூலம் அது என்ற கேள்வி வந்து நிற்கிறது. எதிர்ப்பக்கத்துப் பதுங்குகுழியிலும் இதே வாக்கியத்தை இதே நம்பிக்கையோடு ஒருவன் சொல்லியிருப்பான் அல்லவா?

பிரௌன் மில்வாக்கி நகரத்து நாளேடு ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தவர். அடுத்தவர் எழுத்தில் வேண்டாததை அடித்து அடித்துப் பழகிய கை. அவரைப் பற்றிய இன்னொரு செய்தி கதையைவிட விசித்திரமானது. 1968 ஜூன் ‘கேலக்ஸி’யில் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர்கள் இரு அணியாகப் பிரிந்து எதிரெதிரே விளம்பரம் கொடுத்தார்கள். ஓர் அணி வியட்நாமில் அமெரிக்கப் படை நீடிக்க வேண்டும் என்றது. மற்றது வெளியேற வேண்டும் என்றது. வெளியேறச் சொன்னவர்களில் ரே பிராட்பரியும் பிலிப் கே. டிக்கும் உண்டு. நீடிக்கச் சொன்னவர்கள் பட்டியலில் ராபர்ட் ஹைன்லைன் இருந்ததில் வியப்பில்லை. ‘சென்ட்ரி’ எழுதிய பிரௌன் பெயரும் அதே பட்டியலில்தான் இருந்தது. இதை வைத்து அவரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. எழுத்தாளரின் அரசியலுக்குத் தெரியாதது சில சமயம் அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

போர் சார்ந்த அறிபுனைச் சிறுகதைகளில் என்னை வசப்படுத்துவது ஆயுதங்களோ விண்கலங்களோ இல்லை, இந்தக் கைவேலைதான். போரில் என்ன பறிபோகிறது என்பதைச் செத்தவனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது ஒரு மரபு. எல்லா மொழியிலும் அழவைக்கும் மரபு. இந்தக் கதைகள் அங்கே போவதில்லை. சுடுகிறவனின் தோளோடு தோளாக நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன. சாவைக் கண்டு அழுவதற்கு முன்னால், அந்தச் சாவை நாமும் ஒரு நொடி விரும்பியிருக்கிறோம் என்று காட்டிவிடுகின்றன.

வால்ட்டர் மில்லரின் ‘ஐ மேட் யூ’ இதை இன்னும் ஒரு படி கடுமையாகச் செய்கிறது. இதுவும் 1954தான், ‘அஸ்டவுண்டிங்’ இதழ். மில்லர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் வானொலி இயக்குபவராகவும் வால்பக்கத் துப்பாக்கிக்காரராகவும் 50 தடவைக்கு மேல் பறந்தவர். 1944 பிப்ரவரி 15 அன்று இத்தாலியின் மான்டே கசினோ மடத்தைத் தரைமட்டமாக்கிய தாக்குதலிலும் இருந்தார். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் நிறுவிய மடம் அது. உள்ளே ஜெர்மன் படை இருப்பதாக நினைத்துக் குண்டு போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் துறவிகளும் தஞ்சம் புகுந்த ஊர்மக்களும்.

அவருடைய கதை நிலவில் நடக்கிறது. மலைமுகட்டில் ஒரு போர் எந்திரம் இரவில் தனியே உட்கார்ந்திருக்கிறது. எதிரியை முடித்துவிட்டது. களைத்திருக்கிறது. உடம்பில் காயம். நிலவில் காற்று இல்லை, ஆகவே காதால் கேட்க எதுவும் இல்லை; தரையின் அதிர்வைத் தன் பாதங்களால் கேட்டுக்கொண்டிருக்கிறது. பாதத்தால் கேட்பது என்ற அந்த ஒரு நுணுக்கத்துக்காகவே மில்லருக்குக் கும்பிடு போடலாம். பொறியியலாகவும் பிசகில்லை, இருட்டில் தனியே கிடக்கும் விலங்கின் சிலிர்ப்பும் அதில் இருக்கிறது. கிண்ணம் போன்ற அதன் செவி மட்டும் மெல்லத் திரும்பித் திரும்பி வானையும் தரையையும் துழாவுகிறது. எதுவும் அசையவில்லை. எந்திரத்துக்கு அதில் ஒரு நிம்மதி. சத்தத்தையும் அசைவையும் வெறுப்பது அதன் பிறவிக்குணம்.

பக்கத்துக் குகைக்குள் ஒன்று மட்டும் பிறாண்டிக்கொண்டிருக்கிறது. விடியும்வரை அதை ஒன்றும் செய்ய முடியாது. அந்த ‘ஒன்று’ முனகுகிறது. தன் பெயர் சாயர், யாராவது கேட்கிறீர்களா, எல்லோரும் செத்துவிட்டீர்களா என்று வானொலியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் எந்திரத்தின் களைப்பு, பிறகு அதன் காயம், அப்புறம் அமைதி தரும் சுகம். மனிதக் குரல் வருவது அதற்கெல்லாம் பிறகு, தொந்தரவாக. எந்திரத்தின் கால்வழியே நாமும் கேட்டுக்கொண்டிருப்பதால், அந்த முனகல் கொஞ்சம் ஓய்ந்தால் தேவலை என்று நமக்கே ஒரு கணம் தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றிய கணத்துக்கு அடுத்த கணம்தான் கதையின் உயிர். மில்லர் அதன்பின் குரலை உயர்த்துவதே இல்லை. மீட்க ஆட்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், திட்டம் போடுகிறார்கள். அந்தப் பகுதிகள் அந்தக் காலத்துப் பத்திரிகைக் கதைக்குரிய விறைப்பான உரையாடல்தான், தாண்டிப் போய்விடலாம். எந்திரத்தின் நினைவோட்டத்துக்குத் திரும்பும்போதெல்லாம் மொழி உயிர்பெறுகிறது. உன்னைச் செய்ததே நான்தான் என்று கடைசியில் அந்த மனிதன் மன்றாடுகிறான். தலைப்பே அந்த மன்றாடல்தான். எந்திரத்துக்கு அது ஒரு சத்தம். சத்தம் அதற்குப் பிடிக்காது.

ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் பறந்தவனுக்குக் கீழே இருப்பவனின் குரல் கேட்டிருக்காது. மில்லர் தன் கதையில் அந்தக் குரல் கேட்கும்படி செய்தார், கேட்டும் ஒரு பயனும் இல்லாதபடி. மான்டே கசினோவையும் இந்தக் கதையையும் நேர்க்கோட்டில் இணைப்பது என் ஊகம்தான். அந்த மடம் அவரை விட்டுப் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். அணுப்போருக்குப் பின் ஒரு மடத்தைச் சுற்றி நடக்கும் ‘எ கான்டிக்கிள் ஃபார் லீபோவிட்ஸ்’ நாவலை அவர் எழுதியதற்கு அதுவே காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள்.

பிலிப் கே. டிக்கின் ‘செகண்ட் வெரைட்டி’ (1953) மேலுக்கு ஓர் எந்திரப் பயங்கரக் கதை. ஐ.நா. படைகளுக்கும் சோவியத் படைகளுக்கும் போர். பூமி சாம்பலாகிவிட்டது. மேற்கத்தியத் தரப்பு விட்ட ‘கிளா’ என்னும் கொலை எந்திரங்கள் நிலத்தடித் தொழிற்சாலைகளில் தம்மைத் தாமே திருத்தி அமைத்துப் புதிய வகைகளாகப் பெருகுகின்றன. அவை எடுக்கும் வடிவங்கள்தான் கதையின் நுட்பம். ஒன்று, காலொடிந்த சிப்பாய். இன்னொன்று, கரடி பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாம்பல்மேட்டில் தனியே நிற்கும் டேவிட் என்ற பையன். எந்தப் பதுங்குகுழியின் கதவும் யாருக்குத் திறக்கும் என்று அந்த எந்திரங்கள் யோசித்திருக்கின்றன. அடிபட்டவனுக்கும் குழந்தைக்கும் திறக்கும். மனிதனிடம் மிஞ்சியிருக்கிற இரக்கம் எந்த வழியாக வெளியே கை நீட்டுகிறதோ அந்த வழியாகவே உள்ளே நுழைந்து கொல்கின்றன.

மேஜர் ஹென்ட்ரிக்ஸ் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். சாப்பிடக் கொடுத்தால் பையன் வேண்டாம் என்கிறான். நிரந்தரப் பட்டினியில் வளர்ந்த குழந்தை ரொட்டித்துண்டை மறுப்பதைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஹென்ட்ரிக்ஸுக்கும் வரவில்லை, முதல் தடவை படிக்கும் நமக்கும் வருவதில்லை. பாவம், பயந்துபோயிருக்கிறான் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். சோவியத் வரிசையை நெருங்கியதும் எதிரிச் சிப்பாய்கள் அந்தப் பையனைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். ஒரு விநாடி அவர்கள் மேல் நமக்கு மூளும் ஆத்திரம் இருக்கிறதே, அதைத்தான் டிக் வேண்டினார். சிதறிய உடம்பிலிருந்து உருளுவது பற்சக்கரங்கள்.

அதற்குப் பிறகு கதையில் யாரும் யாரையும் நம்புவதில்லை. ஒவ்வொரு வகை எந்திரத்திலும் ஓர் எண் தகடு இருக்கிறது. ஒன்று தெரிகிறது, மூன்று தெரிகிறது, இரண்டு எது என்பதே மீதிக் கதை. அந்தப் புதிர் முடிச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது என்றுதான் சொல்வேன். யார் அந்த இரண்டு என்பதை விழிப்பான வாசகர் முன்பே கண்டுபிடித்துவிடுவார். கடைசியில் ஹென்ட்ரிக்ஸ் காண்பது மட்டும் எதிர்பாராதது. அந்த எந்திரங்கள் ஒன்றையொன்று அழிக்கும் ஆயுதங்களைச் செய்யத் தொடங்கிவிட்டன. சாகப்போகிறவருக்கு அதில் ஓர் அற்ப ஆறுதல் கிடைக்கிறது. நம்மிடமிருந்து அவை கற்றுக்கொண்டது அதைத்தான் என்று டிக் வாய்விட்டுச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டது அவருடைய நல்ல நேரம்.

கார்ட்வெய்னர் ஸ்மித் என்ற பெயரில் எழுதிய பால் லைன்பார்கர் அமெரிக்க ராணுவத்தில் உளவியல் போர்முறை வல்லுநர்; அதைப் பற்றி 1948இல் நூலே எழுதியவர். அவருடைய ‘தி கேம் ஆஃப் ராட் அண்ட் டிராகன்’ (1955) கதையில் விண்வெளி இருட்டில் பாய்ந்து வந்து மனத்தைச் சிதைக்கும் எதையோ மனிதர்கள் டிராகனாக உணர்கிறார்கள். அவர்களோடு மனத்தால் பிணைந்து போரிடும் பூனைகளுக்கு அதே எதிரி பெரிய எலி. ஒரே பகை, இரண்டு பார்வை. மனிதனுக்குக் குலைநடுக்கம், பூனைக்கு வேட்டைச் சந்தோஷம். சண்டை முடிந்து ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும் வீரன் அண்டர்ஹில் முதலில் விசாரிப்பது தன் கூட்டாளிப் பூனையை. பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கு அவனைக் கண்டால் வெறுப்பு. அந்த வெறுப்பை அவனால் அவள் மனத்திலிருந்தே படிக்க முடிகிறது. இனி எந்தப் பெண்ணும் அந்தப் பூனைக்கு ஈடாக மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. கால் போனவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். உடம்பு முழுசாக இருந்தும் சக மனிதரோடு வாழும் தகுதி போய்விட்டதை இத்தனை மெல்லிய நகைச்சுவையோடு சொன்னவர்கள் குறைவு.

பிராட்பரியின் ‘தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்’ 1950 மே மாதம் ‘காலியர்ஸ்’ இதழில் வந்தது. சிப்பாயே இல்லாத கதை. அணுகுண்டு விழுந்த பிறகும் தானே சமைத்து, தானே பெருக்கி, கிழமை சொல்லிக்கொண்டு ஓடும் ஒரு தானியங்கி வீடு. கருகிய மேற்குச் சுவரில் குடும்பத்தின் நிழல்கள் மட்டும் பெயின்ட் கருகாத இடங்களாக நிற்கின்றன. ஹிரோஷிமாவில் வங்கிப் படிக்கட்டில் பதிந்துபோன மனித நிழலை அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள் என்பதால் இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. எல்லோரும் பாராட்டுவது, பையன் எறிந்து அந்தரத்திலேயே நின்றுவிட்ட பந்தை. எனக்கு அதைவிட எலிகள் பிடிக்கும். உடம்பெல்லாம் புண்ணாகி எலும்பும் தோலுமான வீட்டு நாய் உள்ளே வருகிறது. சேற்றுத்தடம் படுகிறது. துப்புரவு செய்யும் எந்திர எலிகள், வேலை வைத்துவிட்டதே என்ற எரிச்சலோடு பின்னாலேயே துடைத்துக்கொண்டு போகின்றன. இறந்த குடும்பத்தின் கடைசிச் சொந்தம் அந்த நாய். வீட்டுக்கு அது அழுக்கு. நாய் செத்ததும் அதையும் பெருக்கித் தள்ளிவிடுகின்றன. பந்து நம்மைக் கண்கலங்க வைக்கிறது. எலிகளின் சுறுசுறுப்பைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் புன்னகைத்துவிட்டு, அப்புறம் வெட்கப்படுகிறோம்.

இந்த வகைக் கதைகளில் சுட்டவனே வாய்திறந்து பேசுவது ஜோ ஹால்டெமனிடம். இயற்பியலும் வானியலும் படித்து முடித்த 1967ஆம் ஆண்டிலேயே கட்டாய ராணுவச் சேவைக்கு இழுக்கப்பட்டவர். வியட்நாமில் படைப் பொறியாளராக இருந்து படுகாயப்பட்டுத் திரும்பினார். ‘ஹீரோ’ என்ற குறுநாவல் 1972 ஜூன் ‘அனலாக்’ இதழில் வந்தது. பிறகு ‘தி ஃபாரெவர் வார்’ நாவலின் முதல் பகுதியானது.

சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும் வழிகளைச் சார்ஜென்ட் ஒருவர் வகுப்பெடுப்பதில் கதை தொடங்குகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் சிப்பாய் மண்டெல்லாவுக்குத் தோன்றுவதெல்லாம், இந்த ஆளுக்கு என் வயதைவிட மிஞ்சிப்போனால் ஐந்து வயது கூட இருக்கும், போரில் யாரையாவது கொன்றிருந்தால் தொட்டிலில் கிடந்த காலத்தில்தான் கொன்றிருக்க வேண்டும் என்பதுதான். பட்டாளத்துக்காரரின் உலர்ந்த கிண்டல் முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. பயிற்சி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் உள்ள உறைபனிக் கோளில். வெப்பத்தை வெளித்தள்ளும் தகடுகள் கவச உடையின் முதுகில் இருக்கின்றன. மல்லாக்க விழுந்து அவை உறைந்த தரையில் பட்டால் வெடித்து ஆள் காலி. எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், வழுக்கி விழுந்தே சாகிறார்கள். இயற்பியல் பட்டதாரியின் கணக்கும் வியட்நாம் கண்ணிவெடியின் நினைவும் ஒரே முதுகுத் தகட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன.

எதிரித் தளத்தைத் தாக்கும் இடம் வருகிறது. சார்ஜென்ட் கோர்ட்டெஸ், ஸ்காட்லாந்துக் கவி ராபர்ட் பர்ன்ஸின் போர்ப்பாட்டு ஒன்றைச் சொல்கிறார். படையினரின் ஆழ்மனத்தில் முன்பே பதித்துவைத்த வெறி அந்தப் பாட்டால் அவிழ்கிறது. எதிரிகளான டாரன்கள் குழந்தைகளைத் தின்றதாகவும் பெண்களைச் சூறையாடியதாகவும் பொய் நினைவுகள் மண்டெல்லாவின் மனத்தில் பொங்குகின்றன. அவை பொய், அதுவும் மட்டமான பொய் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை சுடுகிறது. எதிரிகளுக்கோ கைகலப்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை. அவர்கள் வெட்டுப்பட்டுச் சாய்கிறார்கள். ‘சென்ட்ரி’யில் நாம் தெரியாமல் தலையாட்டினோம். இங்கே தலையாட்டுவதற்குமுன் எல்லாம் தெரிந்துவிடுகிறது. அந்த அறிவால் ஒரு தோட்டாகூட நிற்கவில்லை என்பதுதான் ஹால்டெமன் ஒரு தலைமுறை கழித்துப் பிரௌனின் கதையோடு சேர்த்த பங்கு. முதலில் சுட்டது அவர்கள்தான் என்ற பழைய வாக்குமூலமும் இங்கே உண்டு. 1143 ஆண்டு நடந்த அந்தப் போரே ஒரு தவறான புரிதலில் தொடங்கியது என்பது நாவலின் முடிவில் தெரியவருகிறது.

அடுத்து மண்டெல்லா பூமிக்குத் திரும்புகிறான். அவன் கணக்கில் இரண்டு வருடம் போர். ஒளியை எட்டும் வேகத்தில் போய்வந்ததால் பூமியில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. சம்பளம் மட்டும் வட்டியோடு ஏறிக் குவிந்திருக்கிறது. அம்மா எண்பது தாண்டிய கிழவி. நோயில் விழுகிறாள். உலகம் முதியவர்களுக்குத் தகுதிப் புள்ளி போட்டு மருத்துவம் தரும் நிலைக்கு வந்துவிட்டது. அம்மாவின் புள்ளி பூஜ்யம். கை நிறையப் பணத்தோடு மகன் பக்கத்தில் நிற்கிறான், மருந்து வாங்க முடியவில்லை.

பூமிக்குத் திரும்பும் இந்தப் பகுதி மனச்சோர்வு தருகிறது என்று ‘அனலாக்’ ஆசிரியர் பென் போவா ஏற்கவில்லை. ஹால்டெமன் அதற்குப் பதிலாக இதமான ஒன்றை எழுதிக் கொடுத்தார். நாவல் புத்தகமானபோதும் அந்த இதமான வடிவமே சேர்ந்தது. முதலில் எழுதியது ‘யூ கேன் நெவர் கோ பேக்’ என்ற தலைப்பில் 1975இல் ‘அமேசிங்’ இதழில் தனியாக வந்தது. 1990களின் பதிப்புகளில்தான் அதற்கு நாவலுக்குள் இடம் கிடைத்தது. பழைய புத்தகக் கடையில் ‘தி ஃபாரெவர் வார்’ கண்ணில் பட்டால், விலை பேசுமுன் பதிப்பாண்டைப் பார்த்துவிடுங்கள்.